ஊராத்துறைக் கட்டளையும் குறிகட்டுவான் துறையும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போய்வரும் பல்லாயிரம் பேரில் மிகச் சிலரே அங்குள்ள ஒரு கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர். சிதைந்துபோன அந்தத் தமிழ்க் கல்வெட்டு, கோயிலுக்கு நிலம் கொடுத்ததையோ நந்தாவிளக்கெரிக்க ஆடு கொடுத்ததையோ கூறவில்லை. அது ஒரு கடற்சட்டம். பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153 - 1186) பிறப்பித்தது. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் வெளியிட்ட கட்டளை என்பதனால் வரலாற்று மாணவர்களிடையே அதற்குத் தனி மதிப்புண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து பதிப்பித்தார். கலைப்பீடத்தில் படித்த காலத்தில் அரசியல் வரலாற்றுக்கான சான்றாகவே அதைப் பற்றி எங்களுக்குக் கற்பித்தார்கள். அதிலுள்ள சட்டத்தை யாரும் சட்டமாகப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

கட்டளையின் சாரம் இதுதான். பிறதேசத்து வணிகர்கள் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கப்படும். மன்னனுக்கு யானையும் குதிரையும் விருப்பமானவை. ஆகவே யானை, குதிரை ஏற்றிவரும் மரக்கலம் உடைந்துபோனால் அதில் நாலிலொரு பங்கை மட்டும் அரச பண்டாரம் எடுத்துக்கொள்ளும். மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வணிகப் பண்டம் ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இந்த ஒழுங்கு என்றும் நிலைக்க வேண்டுமென்று கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது. ஊராத்துறை என்று கல்வெட்டு சொல்வது இன்றைய ஊர்காவற்றுறை. நயினாதீவிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆயினும் ஒரே கடல்.

அந்தக் காலத்தில் இது தாராளமான சட்டம். கரையில் உடைந்த கலத்தின் பண்டம் முழுவதும் கரைக்குரிய மன்னனுக்கே சொந்தம் என்பது பல நாடுகளில் வழக்காக இருந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1244 - 45இல், ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் பொறித்த அபய சாசனம் இதை வெளிப்படையாகவே கூறுகிறது. புயலில் திசைமாறிக் கரையொதுங்கிய கலங்களின் பொருள் அனைத்தையும் முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள். தான் நியாயமான சுங்கம் தவிர வேறெதையும் எடுப்பதில்லை என்று அவன் வாக்களிக்கிறான். வணிகனைத் தன் துறைக்கு இழுக்க மன்னர்களிடையே நடந்த போட்டியின் விளைவுகள் இவை. அறம் என்று மட்டும் இவற்றைப் போற்றுவது கொஞ்சம் அப்பாவித்தனம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கலம் உடைகிறது. யானைக்கு என்ன கணக்கு, குதிரைக்கு என்ன கணக்கு, பண்டத்துக்கு என்ன கணக்கு என்பதெல்லாம் கட்டளையில் இருக்கிறது. கலத்தில் இருந்த மனிதர்கள்? எஞ்சியுள்ள வரிகளில் அவர்களைப் பற்றி ஒன்றுமில்லை. மன்னனைக் குறைகூறிப் பயனில்லை. எங்கே வழக்கு எழுகிறதோ அங்கேதான் சட்டம் பிறக்கும். கரையொதுங்கிய பட்டுக்கும் மிளகுக்கும் இரண்டு பேர் உரிமை கோருவார்கள். கரையொதுங்கிய பிணத்துக்கு உரிமை கோரி அரச சபைக்கு வருவோர் எவருமில்லை.

இந்த ஒழுங்குமுறை, அதாவது பொருளை முதலில் எண்ணுவதும் ஆளைப் பின்னர் எண்ணுவதும், பராக்கிரமபாகுவோடு முடிந்துவிடவில்லை. கடற்பயணச் சட்டங்களின் வரலாறு முழுவதிலும் அது தொடர்ந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரித்தானியாவில், காப்புறுதிப் பணம் கிடைக்கும் என்ற தைரியத்தில் பழுதான கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி அனுப்பும் முதலாளிகள் இருந்தார்கள். கப்பல் மூழ்கினால் முதலாளிக்கு நட்டமில்லை, மாலுமிகள்தான் மூழ்கினார்கள். சாமுவேல் பிளிம்சோல் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஆண்டுக்கணக்காகப் போராடி 1876இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார். கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் அதன் குறுக்கே கோடும் வரையப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்தக் கோடு தண்ணீருக்குள் அமிழக் கூடாது. அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவனும் கரையில் நின்றபடி கப்பலில் பாரம் மிகுந்துவிட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்லிவிடலாம். இதைவிட எளிய, இதைவிட ஏமாற்றக் கடினமான பாதுகாப்பு விதி கடலில் இன்றுவரை வேறொன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் கருத்து.

1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது அதில் இருந்தோர் 2,200க்கும் மேல். உயிர்காப்புப் படகுகள் 20. எல்லாவற்றையும் நிரப்பினாலும் 1,178 பேருக்கே இடம். இதில் வியப்பு என்னவென்றால், கப்பல் சட்டத்தை மீறவில்லை. சட்டம் கேட்டதைவிடக் கூடுதலான படகுகளையே அது கொண்டிருந்தது. ஏனெனில் அன்றைய விதி, படகுகளின் தொகையைப் பயணிகளின் தொகையால் அல்லாது கப்பலின் தொன் கணக்கால் தீர்மானித்தது. 10,000 தொன்னும் அதற்கு மேலும் என்றால் 16 படகு. கப்பல் 46,000 தொன்னாக வளர்ந்தபோதும் விதி வளரவில்லை. இருந்த படகுகளும் நிரம்பவில்லை. முதலில் இறக்கப்பட்ட படகில் 65 பேருக்கு இடமிருந்தும் ஏறத்தாழ 28 பேரே ஏறினார்கள். தம் படகு எது, எப்போது ஏறுவது, யார் சொன்னால் கேட்பது என்பவை பயணிகளுக்கு முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கவில்லை. 1914 சனவரியில் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச உடன்படிக்கை இலண்டனில் கைச்சாத்தாயிற்று. எல்லோருக்கும் படகில் இடம், ஒத்திகை, இருபத்துநான்கு மணிநேர வானொலிக் காவல் என்பன அதிலிருந்து தொடங்கியவை. தலையை எண்ணும் சட்டம் பிறக்க ஏறத்தாழ 1,500 தலைகள் போக வேண்டியிருந்தது.

இனி எங்கள் கடலுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவுகளையும் சூழ்ந்த கடல் ஆழமற்றது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதியில் பத்துப் பதினைந்து மீற்றருக்கு மேல் ஆழமில்லை. தீவுகளுக்கிடையே அதுவும் இல்லை. ஆழம் குறைந்த கடல் அபாயம் குறைந்த கடல் என்று வெளியூர்க்காரர் நினைப்பதுண்டு. வல்வெட்டித்துறைத் தண்டையல் எவரிடமும் கேட்டிருந்தால் மறுத்திருப்பார். ஆழமற்ற நீரில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஒன்று அடங்குமுன் அடுத்தது வரும். சோழகம் வீசும் மாதங்களில் நெடுந்தீவுக் கடல் எப்படியிருக்கும் என்பது அந்தக் கடலைக் கடந்தவர்களுக்குத் தெரியும். கீழே மணல்திட்டும் முருகைக்கல்லும். கப்பலுக்கு நடுக்கடலைவிடக் கரைதான் எதிரி என்பது பழைய மாலுமிகளின் பாடம். காங்கேசன்துறையில் 1893இலும், காரைநகர் கோவளத்திலும் பருத்தித்துறையிலும் 1916இலும் வெளிச்சவீடுகள் எழுந்தன. அவற்றின் ஒளி கப்பலை வா என்று அழைப்பதற்கன்று; இதற்கு மேல் நெருங்காதே என்று சொல்வதற்கு. 1905இல் புகையிரதப் பாதை முழுமையடையும்வரை வடக்கத்தையர் கொழும்புக்குப் போகக் கடல்வழியும் ஒரு வழியாக இருந்தது. லேடி ஹேவ்லொக், லேடி கோர்டன் என்னும் நீராவிக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றி ஓடின.

கரையை நெருங்குவதன் அபாயத்தை எங்கள் காலத்தில் உலகுக்கே காட்டியது இத்தாலியக் கப்பல் கோஸ்டா கொன்கோர்டியா. 2012 சனவரி 13 இரவு, 4,229 பேருடன் சென்ற அந்த உல்லாசக் கப்பல், ஜிலியோ தீவுக்கு ‘வணக்கம்’ செலுத்துவதற்காகக் கரையோரமாகத் திருப்பப்பட்டுப் பாறையில் மோதியது. கரையிலுள்ளோர் கப்பலின் விளக்கொளியைப் பார்த்து மகிழ வேண்டும் என்பதற்காக! 32 பேர் இறந்தனர். பாறையில் மோதியதற்கும் கப்பலைக் கைவிடும் கட்டளைக்கும் இடையே ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் சென்றது. அன்று மாலை சிவித்தாவெக்கியாவில் ஏறிய ஏறத்தாழ 700 பயணிகளுக்கு வெளியேற்ற ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதுவும் சட்டமீறல் அல்ல. 24 மணிநேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. 2015இலிருந்து, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே ஒத்திகை நடத்த வேண்டும் என்று அது மாற்றப்பட்டது.

ஒத்திகை என்பது வெறும் சடங்கு என்று எண்ணுவோர் தென்கொரியாவின் செவோல் கப்பலை நினைக்க வேண்டும். 2014 ஏப்ரல் 16 அன்று 476 பேருடன் சென்ற அது, அனுமதிக்கப்பட்டதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட சரக்கை ஏற்றியிருந்தது. சரக்கு ஒழுங்காகக் கட்டப்படவுமில்லை. கப்பல் சரிந்தபோது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொன்னது. சொற்கேட்டு இருந்த பாடசாலை மாணவர்கள் இறந்தார்கள். மொத்தம் 304 பேர். இதுவும் தீவுகள் கண்ணுக்குத் தெரியும் கடலில்தான்.

எங்கள் மக்களுக்கு ஒத்திகை எதுவும் இல்லாமலே கடல் பழகிப்போயிற்று. போர்க்காலத்தில் ஆனையிறவும் பூநகரியும் அடைபட்ட பின்னர், முதலில் கொம்படி - ஊரியான் வழியாகச் சேற்றிலும் நீரிலும் நடந்தார்கள். அடுத்து வந்தது கிளாலி. 1990களின் முற்பகுதியில் கிளாலிக் கடனீரேரியைக் கடந்த பல்லாயிரவரில் மாணவனாக நானும் ஒருவன். இரவில்தான் பயணம். விளக்கு இல்லை. இயந்திரம் பூட்டிய ஒரு படகின் பின்னே ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் பிணைத்த படகுகள். வெளிச்சம் பாதுகாப்பு என்பது கடலின் பொதுவிதி. அங்கே வெளிச்சமே மரணம். 1993 சனவரி 2ஆம் நாள் இரவு அந்தக் கடலில் பலர் கொல்லப்பட்டனர். எத்தனை பேர் என்பதில் ஒவ்வொரு பதிவும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறது. அன்றிரவு எந்தப் படகில் யார் ஏறினார் என்று எழுதிவைக்க யாருக்கு நேரமிருந்தது?

அதற்கு எட்டாண்டு முன்னர், 1985 மே 15 காலையில், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துக் கடற்படையினர் பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றனர். படகின் உட்பகுதியில் அமர்ந்திருந்தோர் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டுக் கொல்லப்பட்டதாக உயிர் தப்பியோர் சொன்னார்கள். கைக்குழந்தை முதல் முதியவர் வரை அதில் அடக்கம். சர்வதேச மன்னிப்புச் சபை குறைந்தது 23 பேர் என்று பதிந்தது. நெடுந்தீவு மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் எண்ணிக்கை 36. கொலையையும் விபத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமாகாது என்பதை அறிவேன். கொலைக்குப் பாதுகாப்பு விதி மருந்தாகாது. இறந்தோர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இந்தக் கடல் இரண்டு விடை சொல்லும் என்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறேன். குமுதினி பின்னர் பழுதுபார்க்கப்பட்டு அதே வழியில் பல்லாண்டுகள் ஓடியது. இறந்தவர்களின் பிள்ளைகள் அதே படகில்தான் யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்தார்கள். வேறு படகு இருக்கவில்லை.

இந்த வடகடலில் ஏறியவர்கள் ஒழுங்காக எண்ணப்பட்ட ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2009 பெப்ரவரி முதல் மே 9 வரை, முல்லைத்தீவுக் கரையில் புதுமாத்தளனிலும் பின்னர் முள்ளிவாய்க்காலிலும் இருந்து காயமுற்றோரையும் நோயாளரையும் அவர்களுடன் துணைக்குச் சென்றோரையும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியே வெளியேற்றியது. ‘கிறீன் ஓசன்’ என்ற கப்பல் கரையை நெருங்க முடியாது. சற்றுத் தள்ளி நிற்கும். சிறு படகுகள் காயக்காரரைக் கரையிலிருந்து சுமந்து சென்று கப்பலில் ஏற்றும். இவ்வாறு வெளியேறியோர் ஏறத்தாழ 14,000 பேர் என்று அந்தக் குழு கணக்குக் கூறியது. செல் விழும் கரையில் ஒரு கணக்கு வைத்திருக்க முடிந்தது என்றால், அமைதிக்காலத்து இறங்குதுறையில் முடியாது என்பதற்கு நான் சமாதானம் எதையும் ஏற்கமாட்டேன்.

எண்ணப்படாதோரின் கதை நீரிணையின் மறுகரையிலும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது, தலைமன்னார்க் கப்பலுக்கான அந்தத் துறையை நோக்கி பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் தொடருந்து அலையில் அடித்துச் செல்லப்பட்டது. ஊழியர்களையும் சேர்த்து 115 பேர் என்பது அறிவிக்கப்பட்ட எண்ணிக்கை. சீட்டில்லாமல் ஏறியோரையும் சேர்த்தால் 200 வரை போகும் என்பார்கள். சீட்டு எடுக்காதவன் சாவிலும் கணக்கில் சேர்வதில்லை. பிலிப்பைன்சில் 1987 டிசம்பர் 20 இரவு எண்ணெய்க் கப்பலுடன் மோதி எரிந்த டோனா பாஸ் கப்பலின் பட்டியலில் இருந்த பயணிகள் 1,500 பேர்வரை. இறந்தவர்களோ 4,000க்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. கப்பலில் வந்து பணம் கொடுத்து ஏறியவர்களும், கட்டணமில்லாத நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் பட்டியலில் இருக்கவில்லை. போரில்லாக் காலத்துக் கடல் விபத்துகளில் இதுவே மிகப் பெரியது. டைட்டானிக்கை அறிந்தவர்களில் நூற்றில் ஒருவருக்கேனும் இதன் பெயர் தெரியுமா என்பது ஐயம்.

டோனா பாஸ் உள்நாட்டுக் கப்பல் என்பதைக் கவனிக்க வேண்டும். 1914இல் தொடங்கிப் பலமுறை திருத்தப்பட்ட அந்தச் சர்வதேச உடன்படிக்கை, நாடுவிட்டு நாடு செல்லும் கப்பல்களையே கட்டுப்படுத்தும். ஒரே நாட்டின் இரு கரைகளுக்கிடையே ஓடும் படகு அந்தந்த நாட்டின் சட்டத்தையும், அந்தந்தத் துறையின் வழக்கத்தையும் பொறுத்தது. உள்நாட்டுப் பயணிகள் படகுகளின் பாதுகாப்புக்காக 2015 ஏப்ரலில் சர்வதேச கடல்சார் அமைப்பு மணிலாவில் ஒரு மாநாடு கூட்டி அறிக்கை வெளியிட்டது. அறிக்கைக்கு எந்த அரசையும் கட்டாயப்படுத்தும் வலுவில்லை.

இதன் பொருள் என்ன என்பதை யாழ்ப்பாணத்திலேயே பார்க்கலாம். 2023 அக்டோபர் 14 அன்று நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ கப்பல் ஓடத் தொடங்கியது. வாடைப் பருவம் வந்ததும் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது. பல பத்திரிகைகள் அதைக் கேலிசெய்து எழுதின. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடல் சரியில்லை என்றால் கப்பலை விடாமலிருப்பதுதான் கப்பலோட்டுவதின் முதல் தகுதி. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் அந்தச் சேவையை மீண்டும் தொடங்கியது. அதில் போகிறவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும், பெயர்ப்பட்டியல் உண்டு, பொதி நிறுக்கப்படும், இருக்கைக்கு ஓர் ஆள். அங்கிருந்து நேர்கோட்டில் அதிக தூரமில்லாத குறிகட்டுவானில் ஏறும் தீவுக்காரனுக்கு இவற்றில் எது உண்டு? கடல் ஒன்று, அலை ஒன்று. ஆனால் ஒருவன் சர்வதேசப் பயணி, மற்றவன் ஊர்ச்சனம்.

நெடுந்தீவுக்கு 2017 சனவரியில் ‘நெடுந்தாரகை’ என்ற புதிய படகு வந்தது. முன்னேற்றம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நயினாதீவுச் சேவையில் உயிர்காப்பு அங்கியைக் கையில் கொடுத்து அணியச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். எனினும் அங்குள்ள பழைய மரப்படகுகளின் அமைப்பை அறிந்தவர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அப்படகுகளில் பயணிகள் குனிந்து இறங்கி மேல்தட்டுக்குக் கீழே உட்கார்கிறார்கள். ஆள் நுழையும் வழி ஒடுக்கமானது. படகு கவிழ்ந்து நீர் புகுந்தால், அங்கி அணிந்தவர் மிதப்பார், உண்மை. ஆனால் மூடிய அறைக்குள் மிதப்பவர் மேற்கூரையோடு ஒட்டிக்கொள்வார். வாசல் நீருக்குள் இருக்கும். அமிழ்ந்து வெளியேற அங்கியே விடாது. அங்கி உயிர்காக்க வேண்டுமானால், வெளியேறும் வழி எது, எத்தனை பேர் எந்த வாசலால், எப்போது எழ வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து, இருபது நிமிடப் பயணத்துக்கு ஒத்திகையா என்று கேட்கலாம். கயிறு அவிழ்க்குமுன் சொல்லவேண்டியவை நாலு வசனங்கள்தாம். கோடும் அப்படியே: பிளிம்சோலின் கோட்டை ஒவ்வொரு படகின் பக்கத்திலும் தீட்ட ஒரு பேணி நிறப்பூச்சுப் போதும்.

பயணம் சிறியது என்பதனாலேயே அபாயம் சிறியதாகிவிடுவதில்லை. 2009 செப்டம்பர் 30இல் தேக்கடி ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர்; கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2011இல் கிறிஸ்துமஸ் நாளன்று பழவேற்காட்டில் 22 பேர். உயிர்காப்பு அங்கி இல்லை. எங்கள் நாட்டில், 2021 நவம்பர் 23 காலை, திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ‘பாதை’ கவிழ்ந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சிறுவர் உட்பட பலர் இறந்தனர். பாதை என்று இங்கு நாங்கள் சொல்வது மிதவைகளின் மேல் பலகை அடித்து ஆளையும் வாகனத்தையும் ஏற்றி இழுத்துச்செல்லும் தெப்பம். புதிய பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அது முடியும்வரை மக்கள் எப்படிக் கடப்பது என்பதற்குக் கிடைத்த விடை அதுதான். நடந்தே கடக்கலாம் போலத் தோன்றும் நீர்ப்பரப்பு அது.

வெளிநாடுகளிலிருந்து ஆனி மாதத்து நயினைத் திருவிழாவுக்காகப் பிள்ளைகளுடன் வரும் வாசகர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். அங்கே நீங்கள் காரின் பின்னிருக்கையில்கூடக் குழந்தையை அதற்குரிய ஆசனத்தில் கட்டாமல் ஏற்ற மாட்டீர்கள். குறிகட்டுவானில் அடுத்த படகுக்குக் காத்திருக்க மனமில்லாமல் இடித்துக்கொண்டு ஏறுகிறீர்கள். படகோட்டியை மட்டும் குற்றம் சொல்வது எளிது. ஆனால் ‘இனி இடமில்லை’ என்று அவர் சொல்லும்போது வாக்குவாதப்படுகிறவர்கள் பயணிகளே. நான் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் தேர்த்திருவிழா முடிந்து திரும்பும் படகொன்றில், பின்புறத்தில் சுக்கானருகே இடம் கிடைத்தது. கீழே நெரிசல். மேலேயும் ஆட்கள். கயிறு அவிழ்த்தாயிற்று. ஓட்டிக்கு முப்பது வயதிருக்கும்.

“எத்தினை பேர் தம்பி ஏறியிருக்கினம்?” என்று கேட்டேன்.

“குறிகட்டுவானிலை இறங்கேக்கை காசு வாங்குவம் ஐயா. அதை எண்ணிப் பார்த்தால் தெரியும்.”

“சின்னப் பிள்ளையளுக்கும் காசு எடுக்கிறியளோ?”

“சீச்சீ. மடியிலை இருக்கிறதுகளுக்கு ஆர் ஐயா காசு எடுக்கிறது” என்றார். கோயிலுக்குப் போய்வரும் பிள்ளைகளிடம் பணம் கேட்பார்களா என்ற தொனியில், சற்றுப் பெருந்தன்மையுடனேயே.